பேண்ட் பாக்கெட்டில் லைட்டர் இருந்தது, கேட்கவா வேண்டாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் பள்ளிபாளையம் பக்கம். வீட்டுக்காரர் சொந்தமாகத் தறி ஓட்டுகிறார், நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். ஒரே பையன், 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். பத்து நாளைக்கு முன்னால் அவன் ஸ்கூல் பேண்ட்டைத் துவைக்க எடுத்தபோது பாக்கெட்டில் ஒரு லைட்டர் இருந்தது. அதை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்ச நாளாகவே டியூஷனில் இருந்து வரும்போது வாயில் ஹால்ஸ் இருக்கிறது, வந்ததும் நேராக பாத்ரூமுக்குப் போய்விடுகிறான். வீட்டுக்காரரும் சிகரெட் பிடிப்பவர்தான், ஆனால் இது தெரிந்தால் பையன் தோலை உரித்துவிடுவார். சிநேகிதி ஒருத்தி யூரின் டெஸ்ட் எடுத்துப் பார்க்கச் சொல்கிறாள். எனக்கு ராத்திரித் தூக்கமே இல்லை. அவனிடம் கேட்கவா வேண்டாமா? எப்படிக் கேட்பது? அந்த லைட்டரை என்ன செய்வது?

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் "அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அங்கேயே நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். லைட்டரைக் காணோம் என்றால் அவன் தேடியிருப்பான். பேண்ட் துவைக்கப் போனது அவனுக்குத் தெரியும், வீட்டில் துவைப்பது யார் என்பதும் தெரியும். பத்து நாளாக நீங்கள் தட்டில் சோறு போடும்போதெல்லாம் அவன் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், அம்மா எப்போது கேட்கப் போகிறாள் என்று. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே விஷயத்துக்குப் பயந்துகொண்டு தனித்தனியாக இருக்கிறீர்கள். அதனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள். ஆனால் எப்படி என்று படித்துவிட்டுக் கேளுங்கள்.

முதலில், அவன் பிடிக்கிறானா இல்லையா என்பது. லைட்டர் நண்பனுடையதாகவும் இருக்கலாம், ஆசிரியர் பையைச் சோதிக்கும்போது ஒருவன் பொருள் இன்னொருவன் பாக்கெட்டுக்கு மாறுவது எல்லா ஸ்கூலிலும் நடக்கிறதுதான். ஹால்ஸ் சளிக்காக இருக்கலாம். ஆனால் லைட்டர், ஹால்ஸ், வந்ததும் பாத்ரூம் என்று மூன்றும் சேர்ந்து வருகிறபோது, ஒன்றிரண்டு தடவையாவது பிடித்துப் பார்த்திருக்கிறான் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். மற்ற வீடுகளில் அம்மாமார்கள் வாசனையை வைத்துக் கண்டுபிடிப்பார்கள், உங்கள் வீட்டில் அது உதவாது, ஏனென்றால் அப்பாவின் சட்டையும் அவன் சட்டையும் ஒரே கொடியில்தான் காய்கிறது. பாக்கெட்டின் அடித்தையலிலும் புத்தகப் பையின் அடியிலும் புகையிலைத் துகள் உதிர்ந்திருக்கிறதா, சட்டையில் குண்டூசித் தலை அளவுக்குப் பொத்தல் விழுந்திருக்கிறதா, எப்போதும் கடைக்குப் போகச் சொன்னால் முனகுகிறவன் இப்போது தானாகவே "நான் போயிட்டு வர்றேன்" என்கிறானா என்பதெல்லாம்தான் உங்களுக்குப் பயன்படும். கையில் போன் இருந்தால் ஒரே பெட்டிக்கடைக்குப் பத்து ரூபாய் இருபது ரூபாயாகப் போயிருப்பது தெரியும். விரல் மஞ்சளாவது, பல் கறையாவது எல்லாம் வருடக்கணக்காகப் பிடித்தவர்களுக்கு வருவது, அதை இந்த வயதுப் பையனிடம் தேடாதீர்கள். எரிந்து விழுகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான் என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள், 16 வயதில் சிகரெட் பிடிக்காத பையனும் அப்படித்தான் இருப்பான்.

இன்னும் இரண்டு மூன்று விஷயங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவ் மாதிரியோ பேனா மாதிரியோ இருந்து பழ வாசனை அடித்தால் அது வேப், அதாவது இ-சிகரெட். இந்தியாவில் 2019 முதல் தடை செய்யப்பட்ட பொருள், ஆனாலும் பையன்கள் கைக்கு வந்து சேர்கிறது, அதிலும் நிகோடின்தான் இருக்கிறது. உதட்டுக்குள் அடக்கி வைக்கிற கூல் லிப், ஹான்ஸ் மாதிரியான புகையிலைப் பொருட்களில் புகையே இருக்காது, வாய்க்குள் உதட்டுத் தோல் வெளுத்துப் புண்ணாவதுதான் அடையாளம். உள்ளே இருக்கிற தூளை உதறிவிட்ட வெற்றுச் சிகரெட்டோ, சுருட்டுகிற மெல்லிய காகிதமோ கிடைத்தால் கஞ்சாவாக இருக்கலாம். அப்போது வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே எங்களைப் போன்றவர்களிடம் கூட்டி வந்துவிடுங்கள்.

யூரின் டெஸ்ட் வேண்டாம் அம்மா. கடந்த சில நாட்களில் நிகோடின் உடம்புக்குள் போனதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். எத்தனை, எப்போது, யாருடன், ஏன் என்று எதுவும் சொல்லாது. அந்தச் சிறுநீரை அவனிடமிருந்து எப்படி வாங்குவீர்கள்? ஏமாற்றித்தான், இல்லையென்றால் மிரட்டித்தான். அதற்கப்புறம் அவன் உங்களிடம் எதையும் மனம் விட்டுச் சொல்ல மாட்டான். உங்களுக்கு இப்போது தேவைப்படுவது அவன் வாயிலிருந்து வரும் உண்மை, அதை எந்தக் கிட்டும் கொடுக்காது.

சரி, எப்படிக் கேட்பது. நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார வைத்தால் அது விசாரணை ஆகிவிடும். இந்த வயதுப் பையன்கள் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள், பக்கத்தில் இருந்தால் பேசுவார்கள். மொட்டை மாடியில் துணி மடிக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, அப்பா தறிக்குப் போயிருக்கிற ஒரு நேரமாகப் பாருங்கள். டியூஷன் முடிந்து ஹால்ஸ் வாயோடு உள்ளே நுழையும்போது பிடிக்காதீர்கள், அந்த நேரத்தில் அவனுக்குப் பொய்யைத் தவிர வேறு வழி இருக்காது. "நீ சிகரெட் பிடிக்கிறியா?" என்ற கேள்வியும் வேண்டாம், அதற்கு "இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும், பொய் ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் அதைக் காப்பாற்றுவதே அவனுக்கு வேலையாகிவிடும். தெரிந்ததை அப்படியே சொல்லுங்கள். "கண்ணு, உன் பேண்ட்ல லைட்டர் இருந்துச்சு. பத்து நாளா என்கிட்டதான் இருக்கு. எப்படிக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் இருந்தேன்." இவ்வளவு போதும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு துணியை மடியுங்கள். அந்த மௌனம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதை நீங்கள் நிரப்பிவிடாதீர்கள்.

"அது பிரெண்டோடது" என்று சொல்வான், பத்தில் எட்டுப் பேர் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். சண்டை போட வேண்டாம். "இருக்கலாம். ஆனா நீயும் பிடிச்சுப் பாத்திருந்தா என்கிட்ட சொல்லு. அடிக்க மாட்டேன், உனக்குத் தெரியாம அப்பாகிட்டப் போய்ச் சொல்லவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அன்றைக்கே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவசியமில்லை. அன்று ராத்திரியோ இரண்டு நாள் கழித்தோ அவனே அடுப்படிக்கு வந்து நிற்பான், வந்து நின்ற பையன்களை எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், "என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணு" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊர் அம்மாக்கள் கையில் எடுக்கிற முதல் ஆயுதமே அதுதான். அவன் உண்மையாகவே சத்தியம் பண்ணுவான், அந்த நிமிடம் விட்டுவிட வேண்டும் என்றுதான் நினைப்பான். மூன்றாம் நாள் நண்பன் ஒருவன் நீட்டும்போது ஒரு இழுப்பு இழுத்துவிட்டால், அதுவரைக்கும் சிகரெட் பிடித்த பையனாக மட்டும் இருந்தவன் இப்போது அம்மா தலையில் அடித்த சத்தியத்தையும் மீறியவன் ஆகிறான். அதை வெளியே சொல்ல முடியுமா? சொல்லவே முடியாது. அதனால் இன்னும் ஆழமாக மறைப்பான், மறைக்கிற பாரம் தாங்காமல் இன்னும் ஒன்று பிடிப்பான். "நீ பிடிச்சா நான் செத்துப் போயிடுவேன்" என்பதும் இதே கதைதான்.

அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியது வேறு. எப்போது முதல் தடவை, யார் கொடுத்தது, ஒரு நாளைக்கு எத்தனை, எந்த நேரத்தில் ரொம்பத் தோன்றுகிறது. அப்புறம், அதில் உனக்கு என்ன கிடைக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலான பெற்றோர் கேட்பதே இல்லை. கேட்டால் பையன் ஆச்சரியப்பட்டுப் போவான், பதிலும் சொல்வான். கெத்தாக இருக்கிறது என்பான், எல்லோரும் தம் அடிக்கும்போது நான் மட்டும் ஒதுங்கி நின்றால் கிண்டல் பண்ணுகிறார்கள் என்பான், டென்ஷன் குறைகிறது, படிக்கும்போது மனசு நிற்கிறது என்பான். முதல் இரண்டும் நண்பர்கள் சம்பந்தப்பட்டவை. மூன்றாவதுதான் பொறி, அதை நீங்களும் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்வார்.

புகையை இழுத்ததும் நிகோடின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது, அங்கே ஒரு சின்னச் சுகம் கிடைக்கிறது. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும், குறையக் குறைய ஒரு எரிச்சல், தவிப்பு, கவனம் சிதறுவது எல்லாம் வரும். அடுத்த சிகரெட்டைப் பிடித்தால் அந்தத் தவிப்பு அடங்கும். அவன் டென்ஷன் குறைகிறது என்று நினைப்பது இதைத்தான், முந்தைய சிகரெட் கொண்டுவந்த டென்ஷனை இந்தச் சிகரெட் தற்காலிகமாக எடுக்கிறது. மூளையில் ஆசையைக் கட்டுப்படுத்துகிற முன்பகுதி முழுதாக வளர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. அதனால்தான் பெரியவர்களைவிட இந்த வயதில் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. தினமும் பிடித்தால்தான் அடிமையாவார்கள் என்பது தப்பு, வாரத்துக்கு நாலைந்து என்று இருக்கும்போதே சில பிள்ளைகளுக்குத் தவிப்பு ஆரம்பித்துவிடுகிறது. ஆக, பத்து நாள் போகட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் பையன்களிடம் கறுத்துப் போன நுரையீரல் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். 50 வயதில் வரப்போகிற புற்றுநோய் 16 வயதுக்காரனுக்கு வேறு யாருக்கோ வரப்போகிற நோய். அதற்காக அது பொய் என்றில்லை, புகையில் இருக்கிற 7,000க்கும் அதிகமான ரசாயனங்களில் குறைந்தது 70 புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. ஆனால் இன்றைக்கு அவனை அசைப்பது வேறு. பந்து வீச ஓடி வரும்போது மூச்சு இரைப்பது அசைக்கும். வாய் நாற்றம் அசைக்கும், அதுவும் அவனுக்குப் பிடித்த ஒரு பெண் வகுப்பில் இருந்தால் நன்றாகவே அசைக்கும். ஒரு சிகரெட் இருபது ரூபாய் என்று வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று என்று கணக்குப் போட்டால் மாதம் 1,800 ரூபாய், அந்தக் கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன் எதற்கும் அசையாமல் இருந்தவன், "பெட்டிக்கடைக்காரர் கடை அடைச்சிருந்தா அன்னைக்கு நாள் பூரா உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டதும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் அது சொல்ற மாதிரிதான் ஆடிட்டு இருக்கேனா?" என்று கேட்டான். அதற்குப் பிறகுதான் அவனோடு பேசவே முடிந்தது.

இப்போது உங்கள் வீட்டுக்காரர். கடிதத்தில் அவரைப் பற்றி இரண்டு வரிதான் இருந்தது, ஆனால் பாதி விஷயம் அவரிடம்தான் இருக்கிறது.

அவருக்குச் சொல்லாமலே இருந்துவிட முடியாது. ஊர் சின்னது, டீக்கடையில் யாராவது சொல்லிவிடுவார்கள், அப்போது பையன் மேலும் கோபம், மறைத்த உங்கள் மேலும் கோபம். ஆனால் முதலில் பையனிடம் பேசுங்கள், "இதை அப்பாகிட்ட நான் பக்குவமாச் சொல்றேன், நீயும் கூட இரு" என்று அவனுக்குச் சொல்லிவிட்டு அப்புறம் அவரிடம் போங்கள். கை நீட்டுவார் என்று பயமாக இருந்தால் உங்கள் அண்ணனோ தம்பியோ, பையனின் தாய்மாமன் யாராவது நிதானமானவராக இருந்தால் அவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பதால் பழக்கம் விட்டுப் போனதை நான் பார்த்ததில்லை, பிடிக்கிற இடம் டியூஷன் சந்திலிருந்து ஆற்றங்கரைக்கு மாறியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

"நான் சம்பாதிச்சுப் பிடிக்கிறேன், இவன் என் காசுல பிடிப்பானா" என்று அவர் கேட்கலாம். அந்த வாதத்தில் நீங்கள் இறங்க வேண்டாம். அவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: "நீங்க எந்த வயசுல ஆரம்பிச்சீங்க?" பெரும்பாலும் 15, 16 என்றுதான் பதில் வரும். அதைத்தான் அவர் பையனிடம் சொல்ல வேண்டும். எத்தனை தடவை விட்டுப் பார்த்தார், ஏன் முடியவில்லை, காலையில் எழுந்ததும் இருமும்போது என்ன நினைக்கிறார், தறி ஓடிக்கொண்டிருக்கும்போது பஞ்சுத் தூசியில் தீப்பிடித்துவிடும் என்று பயந்து வெளியே ஓடி வந்து பிடித்துவிட்டு ஓடுவது எப்படி இருக்கிறது, இதையெல்லாம் அவர் வாயால் மகன் கேட்டால் அது நூறு அறைக்குச் சமம் என்று நான் சொல்ல மாட்டேன், அறையோடு ஒப்பிடவே முடியாதது அது. பிடிக்கிற அப்பாவுக்குக் கண்டிக்கத் தகுதி இல்லை என்று சிலர் நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதில் மாட்டிக்கொண்டவர் அவர்தான், உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்ல வீட்டில் அவரைவிட வேறு ஆள் கிடையாது.

அவர் உடனே விடுவாரா என்று தெரியாது, ஆனால் உடனே செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. வீட்டுக்குள், திண்ணையில், பாத்ரூமில் யாரும் பிடிக்கக் கூடாது, அவரும் சேர்த்து. பாக்கெட்டை டிவி மேலே வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும், நிறையப் பையன்களின் முதல் சிகரெட் அப்பாவின் பாக்கெட்டிலிருந்து எடுத்த ஒன்றுதான். அப்புறம், "அப்பாவுக்கு ரெண்டு சிகரெட் வாங்கிட்டு வாடா" என்று கடைக்கு அனுப்பியிருக்கிறீர்களா? ஆறாவது ஏழாவது படிக்கும்போதே அனுப்பியிருப்பீர்கள், நம் தெருக்களில் இது சர்வ சாதாரணம். அந்தக் கடைக்காரருக்குக் கேள்வி கேட்காமல் இவனிடம் சிகரெட் நீட்டப் பழக்கிவிட்டது நம் வீடுதான். ஒற்றைச் சிகரெட்டாக வாங்கும்போது பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்குப் போட்டிருக்கிற எச்சரிக்கைப் படம்கூடப் பிள்ளை கண்ணில் படுவதில்லை.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பதும், பள்ளி கல்லூரியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தில் 7 வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது. இவை விற்கிறவர், கொடுக்கிறவர் மேல் பாயும் சட்டங்கள், வாங்கிய உங்கள் பையன் மேல் அல்ல, அந்தப் பயம் வேண்டாம். கடைக்காரரிடம் அவரையும் உங்களையும் தவிர யாரும் இல்லாத நேரத்தில் போய், "என் பையனுக்குக் கொடுக்காதீங்க" என்று சொல்லுங்கள், கேட்கவில்லை என்றால் போலீஸிலோ உள்ளாட்சி சுகாதார ஆய்வாளரிடமோ புகார் கொடுக்கலாம். பையனைக் கூட்டிப் போய் நாலு பேர் நடுவில் சத்தம் போடாதீர்கள். ஸ்கூலுக்கு இப்போதே சொல்ல வேண்டியதில்லை என்பது என் எண்ணம், டிசி கொடுத்துக் கைகழுவிவிடுகிற நிர்வாகங்களும் இருக்கின்றன. நல்ல வகுப்பாசிரியர் ஒருவர் இருந்தால் அவரிடம் மட்டும் பேசலாம்.

அவன் விட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னால், எந்த நாளில் விடுவது என்று அவனே குறிக்கட்டும். டெஸ்ட் வாரத்தில் வேண்டாம், சனி ஞாயிறோ லீவோ சேர்ந்து வருகிற மாதிரி இருந்தால் நல்லது. முதல் மூன்று நாள்தான் மோசம். எரிந்து விழுவான், தூக்கம் வராது, தலை வலிக்கிறது என்பான், பசி எடுத்துக்கொண்டே இருக்கும். பொரிகடலை, வெள்ளரி, முறுக்கு என்று கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், அந்த நாட்களில் அவன் பேசுகிற பேச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டு முதல் நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் அந்த வேட்கை நீடிப்பது ஐந்து நிமிடம் போலத்தான், ஐந்து நிமிடம் தண்ணீர் குடித்து, நடந்து, யாருக்காவது போன் பண்ணித் தள்ளிவிட்டால் அந்த அலை போய்விடும். டியூஷனுக்குப் போகும் வழியை மாற்றலாம். நண்பர்களை விட்டுவிடு என்று சொல்லாதீர்கள், செய்ய மாட்டான். அவர்களில் பிடிக்காத ஒருவன் எப்போதும் இருப்பான், அவன் வீட்டுக்கு வந்தால் நன்றாகச் சாப்பாடு போடுங்கள். பாக்கெட் மணியை அடியோடு நிறுத்தினால் கடன் வாங்குவான், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், போதும்.

நடுவில் ஒன்று பிடித்துவிடுவான். "அம்மா, இன்னைக்கு ஒண்ணு பிடிச்சிட்டேன்" என்று வந்து சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள், அந்த வாக்கியத்துக்காகத்தான் நாம் இவ்வளவும் செய்கிறோம்.

காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் பிடிக்கத் தோன்றுகிறது என்றால், ஸ்கூல் நேரத்தில் தாங்க முடியவில்லை என்றால், குடியோ கஞ்சாவோ சேர்ந்திருந்தால், ஆஸ்துமா இழுப்பு இருக்கிற பிள்ளையாக இருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் சோர்ந்தே இருந்தால் டாக்டரிடம் வந்துவிடுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவில் கேட்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கிற நிகோடின் சூயிங்கத்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், 18 வயதுக்குள் அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும், புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் அது, உங்கள் வீட்டுக்காரரும் பேசலாம். உங்களுக்கே தூக்கம் இல்லை என்கிறீர்களே, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கடைசியாக லைட்டர். அதைத் திரும்பப் பாக்கெட்டில் வைக்க வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். அரிசி டிரம்மிலிருந்து எடுத்துத் துடைத்து, மாடிக்குத் துணி எடுக்கப் போகும்போது கூடவே கொண்டு போங்கள். பேசும்போது மடித்த துணி மேலே வையுங்கள். பேசி முடித்ததும் அதை என்ன செய்வது என்று அவனையே கேளுங்கள். அவன் திரும்பக் கேட்டால் கொடுக்காதீர்கள், "இது இப்போதைக்கு என்கிட்ட இருக்கட்டும்" என்று அவன் கண்முன்னாலேயே உங்கள் தையல் மெஷின் டிராயரில் போட்டு வையுங்கள். என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.